கோடிங் தியரியில் ஆராய்ச்சி: காரைக்குடியிலேயே இருப்பதா, சென்னைக்குப் போவதா, கடல் தாண்டுவதா?

"மேடம், கோடிங் படிக்கணும்னு ஒரே பிடிவாதமா நிக்கிறா. அதான் ஐ.டி. கம்பெனியில சேர்ந்தா அவங்களே சொல்லிக் குடுக்கிறாங்களே. அதுக்கு எதுக்கு அஞ்சு வருசம்?"

போன மாதம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மகளோடு வந்த ஒருவர் கேட்டது இது. மகள் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகிறாள். "அப்பச்சி, அந்தக் கோடிங் இல்ல இது" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரைக்குடிப் பக்கம் 19 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். கோடிங் தியரி எனும் குறியீட்டுக் கோட்பாட்டில்தான் நானும் பிஎச்.டி. முடித்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது இதே குழப்பத்தோடு வருகிறார்கள். ஊரிலேயே சேர்ந்துவிடலாமா, சென்னைக்கு முயற்சி செய்யலாமா, அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாமா? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன படிப்பு

அப்பச்சிக்குப் பேரேட்டை வைத்துத்தான் விளக்கினேன். ஒரு பக்கம் முழுக்கத் தொகைகளை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கூட்டல், ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கூட்டல் போட்டு வைக்கிறோம். பிறகு படி எடுக்கும்போது ஓர் எண் மாறிவிட்டது. இப்போது ஒரு வரியின் கூட்டல் உதைக்கும், ஒரு பத்தியின் கூட்டலும் உதைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் தவறு இருக்கிறது. எவ்வளவு உதைக்கிறதோ அவ்வளவுதான் திருத்தம். மூலத்தைத் திரும்பப் பார்க்காமலே சரிசெய்துவிடலாம். கூடுதலாகக் கொஞ்சம் எழுதி வைத்து, பின்னால் வரும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இந்த வித்தைதான் பிழைதிருத்தும் குறியீடு. கிளாட் ஷானன் 1948இல் இதற்கு அடிப்படை போட்டார். ரிச்சர்டு ஹாமிங் 1950இல் தன் குறியீடுகளை வெளியிட்டார். பணியாரக் கடை மேசையில் எண்ணெய்க் கறை படிந்த கியூ.ஆர். அட்டையையும் போன் படித்துவிடுகிறதே, அது 1960இல் வந்த ரீட்–சாலமன் குறியீட்டின் வேலை. கியூ.ஆரின் உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டுவிடலாம்.

சமவாய்ப்பு அல்காரிதம், அதாவது குலுக்கல் போட்டதுபோல எதையாவது எடுத்துப் பார்த்து விடை காணும் முறை, இதன் பக்கத்து வீடு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் எந்தச் சோற்றை எடுப்போம் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் அந்த ஒரு பருக்கையை மட்டும் வேகவைத்துவிட்டால் பழமொழி பொய்த்துப்போகும். எதை எடுப்போம் என்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் பலம் இருக்கிறது. இரண்டு பெரிய அணிகளை (எண்கள் நிரப்பிய கட்டங்களை) பெருக்கி ஒருவர் விடை தருகிறார் என்று வையுங்கள். திரும்பப் பெருக்காமல், 0, 1 என்று சமவாய்ப்பில் அமைத்த ஒரு திசையனை (ஒற்றை எண் வரிசையை) கொண்டு சரிபார்க்கலாம் என்று 1977இல் ஃபிரைவால்ட்ஸ் காட்டினார். விடை தவறாக இருந்தால் ஒரு சோதனையில் அது தப்பிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகாது. 20 முறை சோதித்தால் தப்பிக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு.

இந்தத் துறைக்கு மூன்று வாசல்கள் உண்டு. எந்த வாசல் உங்களுடையது என்று தெரியாமல் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதல் வாசல் இயற்கணிதம். கூட்டலும் பெருக்கலும் செய்யக்கூடிய எண் அமைப்புகளான முடிவுறு களங்கள், வளையங்கள், அவற்றின் மேல் அமையும் சுழற்சிக் குறியீடுகள் இந்தப் பக்கம் வரும். போஸும் ரே-சவுத்ரியும் 1960இல் கண்ட குறியீடுகள் இந்த மரபு. இரண்டாவது வாசல் கணினிக் கோட்பாடு. பிழை மிகுந்துபோனால் ஒரே விடைக்குப் பதிலாகச் சாத்தியமான விடைகளின் சிறு பட்டியலைத் தருவது, முழுவதையும் படிக்காமல் சில இடங்களைச் சமவாய்ப்பில் தொட்டுப் பார்த்தே குறியீடு கெட்டிருக்கிறதா என்று சொல்வது போன்ற கேள்விகள் இங்கே எழும். சென்னையில் பிறந்த மது சூடான் 1997இல் ரீட்–சாலமன் குறியீட்டுக்குப் பட்டியல் முறையைக் காட்டினார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த வெங்கடேசன் குருசாமி அவரோடு சேர்ந்து அதை மேலே கொண்டுபோனார். குறியீடும் சமவாய்ப்பும் ஒன்றாகக் கலப்பது இந்த வாசலில்தான். மூன்றாவது வாசல் தகவல் தொடர்புப் பொறியியல். 5ஜி தரவுக்கு எல்.டி.பி.சி. குறியீடு, கட்டுப்பாட்டுத் தகவலுக்கு போலார் குறியீடு என்று இன்று கைப்பேசிக்குள் இருப்பவை அங்கே வளர்ந்தவை.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்: பேச ஆள் உண்டா, மாதா மாதம் கைக்கு என்ன வரும், எத்தனை வருடம் ஆகும், முடிவில் என்ன வேலை கிடைக்கும், நடுவில் மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா.

ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது. முதலாவதுக்கு நான் பாதி மதிப்பெண் கொடுப்பேன். இந்தத் துறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். புதிய கட்டுரைகள் பெரும்பாலும் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் "எங்கே இருந்து படித்தால் என்ன" என்று தோன்றும். செலவில்லாத படிப்பு என்பதாலேயே வரும் தவறான கணக்கு இது. கருவி இல்லாத துறையில் மனிதர்கள்தான் கருவி.

நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி என்று எனக்குத் தோன்றும். அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1953இல் அது திறக்கப்பட்டது. அதே மனிதர் கணிதத்துக்காக ராமானுஜன் நிறுவனம் தொடங்கியபோது, ஹாமிங்கின் கட்டுரை வந்த அதே 1950இல், அதைச் சென்னையில்தான் வைத்தார். ஆய்வுக்கூடத்தைப் பொட்டலிலும் எழுப்பிவிடலாம். கணிதத்துக்குக் கூடிப் பேசும் ஆட்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

ஊரிலேயே

1985இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையும் எட்டும் தூரம்தான். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டுகள் 42,000. இதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. 2023 முதல் உள்ள தொகை இது. காரைக்குடியில் வீட்டுச் சாப்பாட்டோடு இந்தப் பணம் நன்றாகவே நிற்கும். இதற்குக் கணிதப் பிள்ளைகள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுத வேண்டும், கணினிப் பிள்ளைகள் யு.ஜி.சி. நெட் தேர்வு எழுத வேண்டும். இதைக்கூடத் தெரியாமல் ஒரு வருடத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு, மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. பகுதிநேரமாகச் செய்யலாம். வேறு நிறுவனத்திலிருந்து இணை வழிகாட்டி வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. இந்தக் கடைசி வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஊரில் இருக்க முடிவு செய்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மறைசெலவை என் கதையாகவே சொல்கிறேன். நான் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக, வளையங்களின் மேல் அமையும் சுழற்சிக் குறியீடுகளில் ஆய்வு செய்தேன். என் கைடு நல்லவர், ஆனால் அவருடைய துறை வேறு. இரண்டு வருடம் ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக நிறுவி, கட்டுரை அனுப்பினேன். மதிப்பீட்டாளர் இரண்டு வரி எழுதியிருந்தார். இதைவிடப் பொதுவான வடிவம் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்று. அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தேநீர் நேரத்தில் உரக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டு வருடம் போனதைவிட, இது நல்ல கேள்வியா இல்லையா என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் இருந்தேன் என்பதுதான் இன்றும் வலிக்கிறது.

வேலையைப் பொறுத்தவரை, 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. அரசுக் கல்லூரியில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் அந்தப் பணிக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. இடைக்காலத்தில் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால், ஆய்வு மாணவராக வாங்கிய தொகையைவிடக் குறைந்த சம்பளம் வருவது சாதாரணமாக நடக்கிறது.

யாருக்கு இது நல்ல வழி? பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு, ஏற்கெனவே நிலையான வேலையில் இருப்பவர்களுக்கு, கற்பிப்பதில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு. வாசல் முதலாவதாக இருக்க வேண்டும். இரண்டாவது வாசல்தான் உங்களுடையது என்றால், அந்தத் துறையில் ஆய்வு செய்யும் கைடு இல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுப்பேன்.

சென்னை, பெங்களூரு, மும்பை

சென்னையில் மூன்று இடங்கள் ஏறக்குறைய ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன. கிண்டியில் ஐ.ஐ.டி., தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம். ஓரிடத்தில் சேர்ந்தவர் மற்ற இரண்டின் கருத்தரங்குகளுக்கும் போய்வரலாம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், மூன்றாவது வாசலுக்கு நாட்டிலேயே வலுவான இடங்களில் ஒன்று. அங்கே பேராசிரியர் விஜய் குமார் நடத்திய பிழைதிருத்தும் குறியீட்டு வகுப்புகளை என்.பி.டி.இ.எல். என்ற இணைய வகுப்புத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கணினிக் கோட்பாட்டுக்குத் தனிப்பெரும் குழு உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்கச் சமவாய்ப்பே வேண்டாம் என்று 2002இல் மூன்று பேர் காட்டியது வெளிநாட்டில் இல்லை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். இந்தத் துறையின் உயரம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

நுழைவதுதான் கடினம். சிறுசேரி நிறுவனம் தனியாகத் தேர்வு வைக்கிறது, டாட்டா நிறுவனம் ஜி.எஸ். என்ற தேர்வை நடத்துகிறது, ஐ.ஐ.டி.களுக்கும் பெங்களூருக்கும் கேட் அல்லது நெட் தேர்வு வேண்டும். அதற்குப் பிறகு நேர்காணல். ஆங்கிலம் தடுமாறினால் அங்கே பெரிய குற்றமில்லை. கரும்பலகையில் ஒரு நிரூபணத்தைத் தொடங்கி, மாட்டிக்கொண்டால் எங்கே மாட்டினோம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேறு. வரையறையை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். "இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கொடு" என்று கேட்டால் நிற்பார்கள்.

மாதத் தொகை ஊரில் கிடைக்கும் அதே அளவுதான். விடுதி கிடைத்தால் சமாளிக்கலாம், கிடைக்காமல் வெளியே வாடகைக்கு இருந்தால் கையைக் கடிக்கும்.

இந்த வழியின் மறைசெலவு முதல் ஆண்டில் வரும். கூட உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் பள்ளி நாளிலிருந்தே ஒலிம்பியாட் போட்டவர்களாக இருப்பார்கள். நம் ஊர்க் கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அங்கே முதல் வீட்டுப்பாடத்திலேயே பாதிக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழிப்பாள். என் மாணவி ஒருத்தி தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவே மாட்டேன் என்று அழுதாள். போனாள். இரண்டாம் ஆண்டில் நிமிர்ந்தாள். இது நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பாதி பயம் குறையும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்னொன்று வருடங்கள். பிஎச்.டி. ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். அதன்பின் ஐ.ஐ.டி. மாதிரியான இடங்களில் உதவிப் பேராசிரியராக (தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500) வர மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள், பெரும்பாலும் வெளிநாட்டில் செய்யும் முதுமுனைவர் ஆய்வாகவே (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு) அது அமையும். நிலையான நாற்காலியில் உட்காரும்போது வயது 32, 33 ஆகிவிடும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் இந்தக் கணக்கை முதல் நாளே வெளிப்படையாகப் போட்டுவிட வேண்டும். நடுவில் கல்யாணப் பேச்சு வந்து ஆய்வை முறிப்பதைவிட, மாப்பிள்ளை வீட்டாரிடம் "இத்தனை வருடம் ஆகும்" என்று முன்பே சொல்லிவிடுவது மேல். சொன்னபிறகு ஏற்றுக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வாசலுக்கும் மூன்றாவது வாசலுக்கும் இதுதான் முதல் தேர்வு. பிஎச்.டி. நேரடியாகக் கிடைக்காவிட்டால், சிறுசேரியில் இரண்டாண்டு எம்.எஸ்சி. கணினி அறிவியல் ஒரு நல்ல பாலம்.

கடல் தாண்டி

செட்டிநாட்டுக்குத் தூரம் புதிதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பெட்டியடிப் பையனாக (கடையில் தொழில் பழகும் சிறுவனாக) கப்பல் ஏறி, மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பெண் பிள்ளை போவதுதான் பல வீடுகளில் இன்னும் புதிது.

அமெரிக்காவில் பிஎச்.டி.க்குக் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை, உதவித்தொகையும் கொடுப்பார்கள். ஐந்தாறு ஆண்டுகள். அங்கே எம்.எஸ். படிக்கப் போவது வேறு கதை. அது கடனில் முடியும், ஆராய்ச்சிக்காக என்றால் வேண்டவே வேண்டாம். நெதர்லாந்து மாதிரியான நாடுகளில் பிஎச்.டி. மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர், நான்கு ஆண்டுகள், ஆனால் முதுகலைப் பட்டம் முன்பே வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 100 டாலர் அளவில் வரும். எட்டு இடத்துக்குப் போட்டால் 60,000, 70,000 ரூபாய் போய்விடும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதற்குள் எல்லாம் அனுப்பி முடித்திருக்க வேண்டும், அதற்கு ஆடியிலேயே தொடங்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய தடை பரிந்துரைக் கடிதம். என்னைப் போன்ற ஒரு கல்லூரி ஆசிரியை எவ்வளவு மனதாரப் புகழ்ந்து எழுதினாலும், படிக்கிறவருக்கு என்னைத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒருவர் எழுதும் அரைப் பக்கம் அதைவிடக் கனமானது. அதனால் நம் ஊரிலிருந்து நேராக அமெரிக்கா என்பது அரிது. சென்னையில் இரண்டு வருடம், அங்கே ஒரு கோடைத் திட்டம், அங்கிருந்து ஒரு கடிதம் என்று போவதுதான் நடைமுறை.

விசாவும், வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனால் வந்து சேர முடியாத தூரமும், வருடா வருடம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு இல்லாமல் போவதும் மறைசெலவுகள். கேள்வி மிகத் தெளிவாக உள்ளவர்களுக்கு, "இந்த ஆளிடம் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று பெயர் சொல்லக்கூடியவர்களுக்கு இது நல்ல வழி. நாட்டின் பெயருக்காகப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றும் பக்கம் பக்கமாக

| | ஊரில் | சென்னை, பெங்களூரு, மும்பை | வெளிநாடு |
|---|---|---|---|
| பேச ஆள் | கைடு ஒருவர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தோழி | குழுவே உண்டு | குழு உண்டு, துறையின் முன்னோடிகளும் |
| மாத வருமானம் | ஜே.ஆர்.எஃப். இருந்தால் தாராளம், இல்லாவிட்டால் திண்டாட்டம் | அதே தொகை, விடுதி இருந்தால் போதும் | வாழப் போதும், வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம்தான் |
| காலம் | 3 முதல் 6 ஆண்டுகள் | 5, 6, அதன்பின் முதுமுனைவர் ஆய்வு | 4 முதல் 6, அதன்பின் அதுவே |
| முடிவில் வேலை | கலை அறிவியல் கல்லூரி | ஐ.ஐ.டி., ஆய்வு நிறுவனம், தொழில்துறை | எங்கும் |
| திரும்பி வர வழி | எளிது | எளிது | மனதளவில் கடினம் |

வேலைக்குப் போய்விட்டுப் பிறகு வரலாமா என்றும் கேட்கிறார்கள். வீட்டில் கடன் இருந்தால் கட்டாயம் வேலைக்குப் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் விட்டால் இயற்கணிதம் கையை விட்டுப் போகும். குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத மறையாக்கத்துக்கு 2025இல் அமெரிக்கத் தர நிறுவனம் பிழைதிருத்தும் குறியீட்டின் மேல் அமைந்த எச்.கியூ.சி. என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதனால் பிழைதிருத்தும் குறியீடு தெரிந்தவர்களுக்குத் தொழில்துறையிலும் இனி தேவை கூடும் என்று நம்புகிறேன்.

எந்த வாசல் என்று தெரியாதவர்களுக்கு நான் இரண்டு வீட்டுப்பாடம் தருகிறேன். ரீட்–சாலமன் குறியீட்டில் பிழை திருத்துவது எப்படி என்று படித்து, ஒரு தோழிக்கு விளக்க வேண்டும். ஃபிரைவால்ட்ஸ் சோதனை ஏன் குறைந்தது பாதி வாய்ப்பிலாவது பிழையைப் பிடிக்கிறது என்று தானே நிறுவ வேண்டும். எதில் நேரம் போனதே தெரியவில்லையோ அந்தப் பக்கம் போகலாம்.

தேவகோட்டைப் பெண் பதினைந்து நாள் கழித்து நோட்டோடு வந்தாள். முதலாவதைச் சுருக்கமாக முடித்திருந்தாள். இரண்டாவதுக்கு ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள். நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது: பிழை ஒரே கட்டத்தில்தான் இருக்கும் என்று தனக்குத் தெரியாமலே எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்ன பேரேடு உன்னைக் கெடுத்துவிட்டது" என்றேன். பல கட்டங்களில் பிழை இருந்தாலும், திசையனின் ஒரு கூறை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முதலில் முடிவுசெய்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அரை மணி நேரம் கரும்பலகை முன்னால் நின்றாள். பிறகு அவளே முடித்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த அவள் அப்பச்சி, நாங்கள் வந்ததும் கேட்டார்: "மேடம், அந்தச் சிறுசேரியில பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் இருக்கா?"

"இருக்குண்ணே. காலையில பல்லவன்ல ஏறினா மத்தியானம் எழும்பூர். முதல் தடவை நீங்களும் கூடப் போய்ப் பார்த்துட்டு வாங்க."